இதில எது பிறகு வந்தது?

அந்தப் பையை மேல வைக்காதேங்கோ தம்பி, என்ர மடியிலயே இருக்கட்டும். பாரம் இல்லை, போடுற சேட்டு மூண்டுதான். மற்றப் பெரிய ரெண்டு பையையும் பஸ்ஸுக்குப் பின்னால பெட்டிக்குள்ள போட்டாச்சு. நீங்கள் யன்னல் பக்கம் இருங்கோ, எனக்குப் பார்க்க ஒண்டும் இல்லை.

யாழ்ப்பாணத்துக்குத்தானே? நானும் அங்கதான். அம்மாவின்ர வீட்டில ஒரு அறை இருக்கு. அதை நான் மாத்திப்போட்டன். இப்ப திருப்பிப் பழையபடி வைக்கவேணும். திங்கக்கிழமை தீபாவளி, அதுக்கு முதல் முடிக்கவேணும். எனக்கு அது பெரிய வேலை இல்லை. நான் அறை வைச்சே சீவிச்சவள்.

நீங்கள் மணிக்கூட்டை வலக்கையில கட்டியிருக்கிறியள். வவுனியா கடையில தேத்தண்ணி குடிக்கேக்க இடக்கையில இருந்தது. ஓமோம், வேர்த்திருக்கும், மாத்தியிருப்பியள். குறை நினையாதேங்கோ. அது என்ர தொழில் வியாதி.

லண்டனில ரெலிவிசனுக்கு நாடகம் தயாரிச்சனான். அந்தக் காலத்து நாடகங்கள். குதிரை வண்டில், மெழுகுதிரி, நிலத்தில இழுபடுற சட்டை, ஒரு பாதிரியார், அவருக்குக் கலியாணம் கட்டாத அஞ்சு மகள்மார். ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளைக்காரர் குடும்பமா இருந்து பாப்பினம். பத்தொன்பது நாடகம் செய்தனான். பேர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. மூண்டுக்குப் பரிசு கிடைச்சது. பரிசுகளைக் குளிக்கிற அறை யன்னலில வைச்சிருக்கிறன். அங்கதான் இடம் இருந்தது.

இருபது வயசில போனனான். எழுபத்தொன்பதாம் ஆண்டு. ஒரு ரெலிவிசன் கொம்பனியில ரைப் அடிக்கிற வேலை. எழுதுறவை தாற கதையை அடிச்சுக் குடுக்கிறது. ஒருநாள் ஆயிரத்து எண்ணூற்று முப்பதாம் ஆண்டில நடக்கிற கதை வந்தது. அதில ஒருத்தன் சட்டைப் பைக்குள்ள இருந்து தீப்பெட்டி எடுத்துப் பக்கத்தில உரசுறான். எனக்கு ஐமிச்சம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் நூலகத்தில போய்ப் பார்த்தன். பெட்டிப் பக்கத்தில உரசுற தீக்குச்சி அப்ப இல்லை, அதுக்கும் இருபது வருசத்துக்குப் பிறகுதான் வந்தது. ஒரு துண்டில எழுதிக் கதைக்கு மேல குத்தி அனுப்பினன். ரைப் அடிக்கிறவள் அப்பிடிச் செய்யிறதில்லை. பேச்சு விழும் எண்டு பார்த்தன். அடுத்த கிழமை என்னைத் தகவல் தேடுற பகுதிக்கு மாத்திச்சினம். அங்கயிருந்து உதவியாளர், பேந்து துணைத் தயாரிப்பாளர், பேந்து தயாரிப்பாளர். நடுவில ஒரு கலியாணம் நடந்தது. பேந்து முடிஞ்சுது.

என்ர முறை என்னெண்டால், முதல் காட்சி எடுக்க முன்னம் அந்த அறைக்குள்ள நான் தனியப் போவன். கதவடியில எல்லாரும் நிப்பினம். நான் ஒரு கேள்விதான் கேப்பன். இதில எது பிறகு வந்தது? அவ்வளவுதான். திரைச்சீலைக்குப் பின்னால ஒரு சுவிச்சு இருக்கும். மேசைக்குக் கீழ பிளாஸ்டிக் வாளி. ஒரு நடிகையின்ர மேற்கையில ஊசி போட்ட தழும்பு. ஒரு ஆட்டுக்குக் காதில மஞ்சள் பிளாஸ்டிக் தகடு. அதைக் கழட்டச் சட்டம் விடாது, அதால ஆட்டைத் திருப்பி நிக்க வைச்சம். நான் வாறன் எண்டால் பெடியள் சொல்லுவினமாம், சுகி வாறா, அடைச்ச பல்லைக் கழட்டி வை எண்டு. சுகிர்தமலர் என்ர பேர். அவையின்ர வாயில சுகி எண்டதுக்கு மேல வராது.

பிறகு வந்ததை எல்லாம் எடுத்தால், மிச்சம் நிக்கிறது உண்மை. நான் அப்பிடித்தான் நினைச்சனான். இப்பவும் தொழிலில அது சரிதான்.

அறை ஆரின்ர எண்டு கேக்கிறியளோ? தம்பியின்ர. என்ர தம்பி குகபாலன். எனக்குப் பிறகு பதின்மூண்டு வருசம் கழிச்சுப் பிறந்தவன். நான் லண்டனுக்கு வெளிக்கிடேக்க அவனுக்கு ஏழு வயசு. கொழும்பு கோட்டை ஸ்ரேசனில பிளேன்ரீ வேணும் எண்டு அழுதவன். வாங்கிக் குடுத்தால் சூடு எண்டு குடிக்கேல்லை. அதுக்குப் பிறகு நான் அவனைக் காணேல்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆடி மாசம், பதினெட்டு வயசு. பின்னேரம் கணக்கு வகுப்புக்குச் சைக்கிளில போனவன். வரேல்லை. சைக்கிளும் வரேல்லை. ஆர் கொண்டுபோனது எண்டதுக்கு ரெண்டு கதை இருக்கு. எங்கட வீட்டில ரெண்டையும் கதைக்கிறதில்லை.

கொழும்பில இருந்து மாமா ரெலிபோன் எடுத்து எனக்குச் சொன்னவர். நான் லண்டனுக்கு வெளியில ஒரு பெரிய வீட்டில படப்பிடிப்பில நிண்டனான். அந்த வீட்டுச் சமையல்கட்டில ஒரு ரெலிபோன் இருந்தது, அதை ஒரு கூடையால மூடி வைச்சிருந்தம். கூடையைத் தூக்கிக் கதைச்சிட்டுத் திருப்பி மூடினன். காலமையில இருந்து மழை. பின்னேரம் விட்டிட்டுது. நல்ல வெளிச்சம் வந்தது. ரெண்டு காட்சி எடுக்கவேண்டிய இடத்தில மூண்டு எடுத்தம். அந்த மூண்டாவதை இப்பவும் ஆக்கள் நல்லம் எண்டு சொல்லுவினம்.

எனக்கு அழுகை வரேல்லை. பிறகு வரும் எண்டு நினைச்சன். ஒவ்வொரு நாடகமாப் போய்க்கொண்டிருந்தது.

அம்மா அந்த அறையை வைச்சிருந்தா. ஐயா செத்து இருபத்துநாலு வருசமாகுது, அதுக்குப் பிறகும் தனிய வைச்சிருந்தா. புனிதம் எண்டு ஒரு பிள்ளை அம்மாவோட நிக்கிறவ, புருசனைப் போரில குடுத்தவ, அவதான் கூட்டித் துடைக்கிறது. காணாமல்போன பிள்ளையளின்ர தாய்மார் றோட்டோரத்தில கொட்டில் போட்டு இருக்கினமெல்லே, அம்மாவும் கிழமையில மூண்டு நாள் அங்க போவா. குகன்ர படத்தை மடியில வைச்சுக்கொண்டு இருப்பா. எண்பத்தாறு வயசில, அந்த வெயிலுக்குள்ள. இறந்தது எண்டு பதிஞ்சால் பத்திரம் தருவினம், பதியுங்கோ எண்டு எத்தினைபேர் வந்து கேட்டவை. அம்மா பேப்பரையே கையால தொடமாட்டா.

எனக்கு ஓய்வு கிடைச்ச பிறகு, இந்த வருசத் தைப்பொங்கலுக்கு வந்தனான். அப்பத்தான் அந்த அறைக்குள்ள முதன்முதலாப் போனது. வழமை மாதிரி வாசலில நிண்டு பார்த்தன். என்னால நம்ப ஏலாமல் போச்சு தம்பி. தொண்ணூறாம் ஆண்டு அறை எண்டு எல்லாரும் சொல்லுற அறை. உள்ளுக்கு முழுக்கப் பிழை.

மேல ஒரு மின்விசிறி சுத்துது. தொண்ணூறில யாழ்ப்பாணத்தில கரண்டே இல்லை, ஜாம் போத்தில் விளக்கில படிச்ச காலம். மேசையில ஒரு கைத்தொலைபேசி, சார்ச் ஏறிக்கொண்டு இருக்கு. அதுக்குப் பக்கத்தில ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி. ஆரின்ர எண்டு கேட்டன். தம்பிக்கு அம்மா வாங்கினது, ஐயாவுக்கு நாப்பத்திரண்டில கண்ணாடி வந்ததெல்லே, அதால தம்பிக்கும் நாப்பத்திரண்டு முடிய வாங்கினவ எண்டு புனிதம் சொன்னா. தலைமயிருக்குப் பூசுற கறுப்பு மை ஒரு பெட்டி. சீனி போடாத பிஸ்கட் ஒரு ரின், ஐயான்ர பக்கம் எல்லாருக்கும் நீரிழிவு. அது மூண்டு மாசத்துக்கொருக்காப் புதுசா மாத்துறதாம்.

அலுமாரியைத் திறந்தால் சேட்டு. முப்பத்தைஞ்சு சேட்டு. தீபாவளிக்கு ஒண்டு. முதலாவது கொலர் பதினாலு, மெல்லிய பெடியன்ர சேட்டு. பிறகு பதினாலரை, பதினைஞ்சு எண்டு ஏறி ஏறிப் போகுது. கடைசியா வாங்கினது பதினாறரை. அளவு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டன். குகனோட படிச்ச பெடியள் கோயிலில கண்டால் அம்மா அவைக்குப் பின்னால போய் நிண்டு முதுகைப் பாப்பாவாம். முன்னுக்குப் போய்க் கதைக்கிறதில்லை. பாத்திட்டு நேர கடைக்குப் போவாவாம்.

எனக்கு என்ன பட்டது தெரியுமோ? பாவம், மனுசிக்கு ஒழுங்காச் செய்யத் தெரியேல்லை எண்டு பட்டது. முப்பத்தைஞ்சு வருசமா ஒரு அறையைக் காவல்காத்து, அதுக்குள்ள கண்டதையும் கடியதையும் போட்டு, பெடியன் விட்டிட்டுப்போன மாதிரி ஒரு மூலைகூட இல்லை. உலகத்தில இதைச் சரியாச் செய்யத் தெரிஞ்ச ஆள் அவவின்ர வயித்தில பிறந்த நான். ஒருநாளும் அம்மாவுக்கெண்டு நான் ஒண்டும் செய்யேல்லை. காசு அனுப்பினனான், அது எல்லாரும் செய்யிறது.

அம்மாவின்ர கண்ணில வெள்ளை படர்ந்திருந்தது. மாசி மாசம் ஒப்பரேசன் செய்து, தூசு படக்கூடாது எண்டு மானிப்பாயில சித்தியின்ர மகள் வீட்டில ரெண்டு கிழமை விட்டம். அந்த ரெண்டு கிழமைக்குள்ள செய்து முடிச்சன்.

முதல் எல்லாத்தையும் படம் எடுத்தன். நூற்றிப்பன்னிரண்டு படம். எதைத் தொட முன்னமும் படம் எடுக்கிறது எங்கட வழக்கம். பிறகு வந்ததை எல்லாம் வெளியில எடுத்தன். மின்விசிறி, தொலைபேசி, கண்ணாடி, மை, பிஸ்கட். சேட்டு முப்பத்தைஞ்சையும் ஒரு முதியோர் இல்லத்துக்குக் குடுத்தன். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பிச்சன். தொண்ணூறாம் ஆண்டுக் கலண்டர் ஒண்டைத் தேடி நாலு ஊர் திரிஞ்சு, சுன்னாகத்தில ஒரு பழைய கடைக்காரரிட்டை எடுத்து, ஆடி மாசத் தாளைத் திறந்து வைச்சன். அவனோட படிச்ச ஒருத்தரிட்டை அந்தக் காலத்து அப்பியாசக் கொப்பி வாங்கினன். ஜாம் போத்திலை நானே வெட்டித் திரி போட்டு விளக்குச் செய்து, கொஞ்ச நேரம் எரியவிட்டுச் சுவரில புகை பிடிக்க வைச்சன். வகுப்புக்குப் போக முன்னம் இடுப்பில இருந்து மாத்திப் போட்ட சாரம் கட்டில் சட்டத்தில. அது எப்பிடித் தொங்கும் எண்டு மூண்டு தரம் போட்டுப் பார்த்தன்.

நான் அந்த அறையைத் தொண்ணூறில கண்டதில்லை. ஆனால் பாதிரியார் வீட்டையும்தான் நான் கண்டதில்லை.

தம்பி, நான் செய்ததுக்குள்ள அதுதான் திறம். பத்தொன்பதிலயும் அப்பிடி ஒண்டு இல்லை.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தன். ஒப்பரேசன் நல்லா வந்திருந்தது, பளிச்செண்டு பார்வை. அறை வாசலில கொண்டுவந்து விட்டன். அம்மா உள்ளுக்குப் போகேல்லை. நிலையைப் பிடிச்சுக்கொண்டு பார்த்தா. கலண்டரைப் பார்த்தா. சாரத்தைப் பார்த்தா. நான் சொன்னன், அம்மா, அவன் விட்டிட்டுப் போன மாதிரியே இருக்கு, பிறகு வந்தது ஒண்டும் இதுக்குள்ள இல்லை எண்டு.

அம்மா அழேல்லை. வடிவாச் செய்திருக்கிறாய் பிள்ளை எண்டா. பேந்து கதவைச் சாத்தினா.

அடுத்தநாள் காலமை, கொட்டிலுக்குக் கொண்டுபோற குகன்ர படத்தை எடுத்து, ஐயான்ர படத்துக்குப் பக்கத்தில கொழுவச் சொன்னா. சந்தனப் பொட்டும் தானே வைச்சா. வைச்சிட்டுச் சொன்னா, அந்தப் பேப்பரைக் கொண்டுவா, கையெழுத்து வைக்கிறன் எண்டு.

எனக்குச் சந்தோசம். பொய் ஏன் சொல்லுவான். எத்தினை பேர் வந்து சொல்லியும் கேக்காத மனுசி, என்ர ஒரு அறையைப் பார்த்து ஏற்றுக்கொண்டிட்டா. மனசு ஆறியிட்டுது எண்டு நினைச்சன். அம்மா கையெழுத்து வைச்சா. கச்சேரி அலுவலகத்தில குடுத்துவிடு எண்டா. ஓம் எண்டு வாங்கிப் பையில வைச்சன்.

அண்டு மத்தியானம் புனிதம் அரிசி அளக்கேக்க அம்மா சொன்னாவாம், ஒரு சுண்டு குறைச்சுப் போடு எண்டு. அது அவன்ர பங்கு. முப்பத்தைஞ்சு வருசமா ஒவ்வொரு நாளும் கூடப் போட்டு, பின்னேரம் ஆருக்காவது குடுக்கிறது. எனக்கு அது தெரியாது.

நான் லண்டனுக்குப் போட்டன். புனிதம் ரெலிபோன் எடுப்பா. அம்மா இப்ப கொட்டிலுக்குப் போறேல்லை அக்கா. அம்மா இப்ப கேற் சத்தம் கேட்டால் எழும்பிப் பாக்கிறேல்லை அக்கா. பிறகு, அம்மா காலமையில எழும்பிறேல்லை அக்கா. டொக்டர் வந்து பார்த்தவர், நோய் ஒண்டும் இல்லையாம். சாப்பாட்டுக் கோப்பையைக் கையில குடுத்தால் வைச்சுக்கொண்டு இருக்கிறாவாம். ஆவணி மாசம் புனிதம் என்னைப் பேசினா. இத்தினை வருசத்தில ஒருநாளும் என்னோட குரல் உயத்தாதவ.

"அக்கா, அந்த மனுசி உயிரோட இருக்கிற பிள்ளைக்கு அறை வைச்சிருந்தவ. நீங்கள் வந்து செத்தவன்ர அறை ஆக்கிப்போட்டுப் போட்டியள்" எண்டா.

நான் சொன்னன், அது தொண்ணூறாம் ஆண்டுக்குச் சரியான அறை புனிதம் எண்டு. அவ ரெலிபோனை வைச்சிட்டா.

அவவுக்கு எங்கட தொழில் விளங்காது. ஆனால் வைச்ச பிறகு நான் அதில இருந்து யோசிச்சன். நான் செய்த பத்தொன்பதிலயும் அறைக்காரர் எல்லாரும் செத்தவை. எல்லாரும். அதால பிறகு வந்ததை எடுத்தால் சரிவரும். அவைக்குப் பிறகு எண்டு ஒண்டு இல்லை.

அதுக்குத்தான் இப்ப போறன். நூற்றிப்பன்னிரண்டு படமும் இருக்கு. எது எந்த இடத்தில, எவ்வளவு சரிவில எண்டு எல்லாம் இருக்கு. அதே வகைத் தொலைபேசி தேடி எடுத்தாச்சு. கண்ணாடியும் அதே இலக்கம். மின்விசிறியைப் பூட்ட நாளைக்கு ஆள் வருது. சேட்டுத்தான் கரைச்சல். போன கிழமை வந்து இறங்கினதும் முதல் வேலையா அந்த முதியோர் இல்லத்துக்குப் போனனான், திருப்பிக் கேப்பம் எண்டு. அறைச் சாமான் முழுக்கச் சேர்க்காமல் அம்மாவின்ர முகத்தில முழிக்கிறேல்லை எண்டு வீட்டுக்குப் போகேல்லை. இல்லத்தில மத்தியானம், விறாந்தையில கிழவர் எல்லாம் சாப்பாட்டுக்கு இருந்தினம். ஒருத்தர் இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுச் சேட்டைப் போட்டிருக்கிறார். ஒருத்தர் தொண்ணூற்றேழு, பொத்தான் பூட்ட ஏலாமல் திறந்துவிட்டிருக்கிறார். கடைசி வருசத்துச் சேட்டு ஒரு கண் தெரியாத மனுசனில. நான் கேக்கேல்லை. தலைவர் தேத்தண்ணி தந்தார், குடிச்சிட்டு வந்தன்.

பிறகு கொழும்புக்குப் போய், பழைய உடுப்பு விக்கிற கடையள் ஒண்டும் விடாமல் ஏறி இறங்கி முப்பத்தைஞ்சையும் அளவு பார்த்து எடுத்தன். கொஞ்சம் புதுசாத் தெரிஞ்சதைத் தேயிலைத் தண்ணியில ஊறவைச்சு, மடிப்பில மஞ்சள் பிடிக்க வைச்சன். நடிகருக்குச் செய்யிற மாதிரி. அம்மா கண்டுபிடிக்கமாட்டா. கண்டுபிடிப்பா. தெரியாது.

கையெழுத்து வைச்ச பேப்பரோ? இந்தப் பையிலதான் இருக்கு. மாசியில இருந்து இருக்கு. அம்மாவுக்கு மறந்துபோனன் எண்டு சொன்னன். எனக்கு ஒண்டும் மறக்கிறதில்லை தம்பி, நீங்களே பார்த்தனியள்.

உங்களிட்டை ஏன் இவ்வளவும் சொல்லுறன் எண்டால், வவுனியாவில கடைக்காரரோட நீங்கள் கதைச்சது காதில விழுந்தது. எழுபத்திரண்டாம் ஆண்டு பிறந்தனான் எண்டு சொன்னியள், குகனும் அந்த வருசந்தான். அதுதான் உங்களுக்குப் பக்கத்தில வந்து இருந்தனான்.

என்ர படங்களில எல்லாம் இருக்கு, ஆனால் போன தீபாவளி வரைக்கும்தான் இருக்கு. இந்த வருசத்துச் சேட்டு இல்லை. அதை வைச்சால்தான் அறை சரி. அது இல்லாட்டில் நான் போன தீபாவளியோட அவனை இன்னொருக்கா நிப்பாட்டின மாதிரி. ஆயிரத்து எண்ணூற்றுப் பதின்மூண்டில ஒரு பாதிரியார் என்ன அளவு போடுவார் எண்டு நித்திரையிலயும் சொல்லுவன். ஐம்பத்துமூண்டு வயசில என்ர தம்பி எப்பிடி இருப்பான் எண்டு எனக்குத் தெரியேல்லை. மூண்டு அளவில வாங்கி வைச்சிருக்கிறன். கடையில அரை மணித்தியாலம் நிண்டும் ஒண்டை எடுக்க ஏலாமல் போச்சு.

முறிகண்டி வந்திட்டுது. எல்லாரும் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுத் தேங்காய் உடைச்சு, கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டு வருவினம், பஸ் நிக்கும், அவசரம் இல்லை. எழும்பிட்டியள்தானே, ஒரு நிமிசம். அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கோ. கையைத் தூக்கவேண்டாம், சும்மா விடுங்கோ. வாழ்க்கை முழுக்க நடிகருக்கு அளவு பார்க்க நிண்டனான், வெக்கப்படாதேங்கோ.

இது பதினாறரை. தோள் காணாது, ரெண்டு விரல் குறையுது. இது பதினேழு. தோள் சரி, கீழ இழுக்குது. வயிறு வைச்சிருக்கிறியள், குறை நினையாதேங்கோ. ஐயாவுக்கும் ஐம்பதுக்குப் பிறகு வயிறு வைச்சது. அப்ப குகனுக்கும் வைச்சிருக்கும். அவன் மெல்லிசு எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன்.

இது பதினேழரை. ஓம். இதுதான். பிடரியில நரைச்சிருக்கு உங்களுக்கு, மை பூசுறேல்லையோ.

இல்லை, திரும்பாதேங்கோ தம்பி. கச்சான் நான் வாங்கித் தாறன். கொஞ்ச நேரம் அப்பிடியே நில்லுங்கோ.